மண்ணின் ஈரமும் புதைத்த இரும்பும்

இடம்பெயர்ந்து வந்து புதிய காணியொன்றில் காலூன்றும் குடும்பம், கொட்டில் போட்ட கையோடு செய்யும் வேலை வேலி அடைப்பதுதான். மாடும் காட்டுப்பன்றியும் உள்ளே வராதிருக்க வேண்டும். எல்லை எதுவென்று அயலவருக்கும் காணி உத்தியோகத்தருக்கும் தெரிய வேண்டும். அடுத்த தேவை தண்ணீர். கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ வீட்டுக்கும் தோட்டத்துக்கும் குழாய் போடவேண்டும். கிடைத்த நட்டஈட்டிலும் சங்கத்தில் வாங்கிய கடனிலும் பாதி இந்த இரண்டுக்குமே போய்விடுகிறது என்பது எம்மவர் பலரின் அனுபவம்.

ஐந்தாறு வருடம் செல்கிறது. ஒருநாள் மாடு உரசியதும் இரும்புத் தூண் ஒன்று சாய்கிறது. நிலத்துக்கு மேலே பார்த்தால் வண்ணப்பூச்சுக்கூட உரியவில்லை. நிலமட்டத்துக்குக் கீழே நாலு விரற்கிடையில் மட்டும் அது கடதாசி போல மெலிந்து, விரலால் அழுத்தினால் பொடியாகிறது. இன்னும் கீழே தோண்டிப் பார்த்தால் மறுபடியும் நல்ல இரும்பு! கடைக்காரர் பழைய இரும்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று வழமையாகத் தீர்ப்புச் சொல்லப்படும். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரே தூண் மேலும் கீழும் நன்றாயிருந்து நடுவில் மட்டும் கெட்டிருக்குமானால், குற்றத்தைக் கடையில் அல்ல, மண்ணில்தான் தேடவேண்டும்.

புதிய இடத்துக்கு வந்தவர்களுக்கு இது முக்கியமான விடயம். பழைய ஊரில் இரும்பு எத்தனை வருடம் நின்றது என்ற கணக்கு புதிய ஊரில் செல்லாது. 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின்னரும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னரும் மாத்தளைத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் மலைமண்ணிலிருந்து வறண்ட நிலத்து மண்ணுக்குப் போனவர்கள். மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக லக்கலைப் பகுதியில் காணியை இழந்தவர்களோ ஆற்றங்கரை மண்ணை விட்டு மேட்டு மண்ணுக்கு ஏறியவர்கள். மொறகஹகந்தையில் 2017இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள்; லக்கலை நகரமே வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. மாவட்டத்துக்குள்ளேயே மண்ணும் மழையும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. றத்தோட்டையின் மலைச்சரிவில் மண் காய்வது குறைவு. வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கம் ஐப்பசி முதல் தை வரை பெரும்போக மழை. வைகாசி முதல் புரட்டாதி வரை காற்றும் வரட்சியும்.

கறள் எப்படி உண்டாகிறது?

கறள், துரு, எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: இரும்பு ஒட்சிசனுடனும் நீருடனும் சேர்ந்து மறுபடி மண்ணாகிறது. இது நடக்கும் விதத்தை அறிய, டோர்ச் லைற்றுக்குப் போடும் சாதாரண பற்றரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிக்கூடு நாகத் தகடு. உள்ளே ஈரமான பசை. விளக்கு எரிய எரிய அந்த நாகத் தகடு சிறிது சிறிதாகக் கரைந்துபோகிறது. தீர்ந்த பற்றரியை அப்படியே விட்டுவைத்தால் கூடு பொத்தலாகி ஒழுகுவதைக் கண்டிருப்பீர்கள். மின்சாரம் வந்ததற்குக் கொடுத்த விலை அந்தத் தகடு. உள்ளே உள்ள பசை முற்றாகக் காய்ந்துவிட்டால் பற்றரி வேலை செய்யாது.

புதைத்த இரும்பும் இப்படி ஒரு பற்றரிதான். இரும்பின் ஓர் இடம் கரைகிறது. அங்கிருந்து புறப்படும் மின் இரும்பு வழியாகவே ஓடி, ஒட்சிசன் கிடைக்கும் இன்னோர் இடத்தில் போய்ச் சேருகிறது. சுற்றை முடித்துவைப்பது மண்ணிலுள்ள ஈரம். பற்றரியின் பசை செய்யும் வேலையை இங்கே ஈரமண் செய்கிறது. ஈரத்தில் உப்பு கரைந்திருந்தால் மின் இன்னும் இலகுவாக ஓடும், கறளும் வேகமாகும்.

இனி ஈரத்தின் அளவைப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த மண்ணில் பசை இல்லை. எனவே பற்றரி ஓடாது. நீர் தேங்கி நிற்கும் மண்ணில் பசை நிறைய உண்டு, ஆனால் காற்றுப் போக வழியில்லை. ஒட்சிசன் காற்றினூடாகப் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரினூடாகப் பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே முழுக்க நனைந்த மண்ணில் இரும்பு மூச்சுத் திணறிக் கிடக்கிறது என்று சொல்லலாம்; கறள் மெதுவாகவே பிடிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் இரும்புக்குக் கெட்டகாலம். ஒவ்வொரு மண்துணுக்கையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம், துணுக்குகளுக்கு இடையே காற்று, இரண்டும் ஒருசேர இருக்கும் நிலை. பல பரிசோதனைகளில், மண்ணின் இடைவெளிகளில் பாதிக்குச் சற்று மேலே நீர் நிரம்பியிருக்கும்போதே அரிப்பு உச்சத்தை எட்டியிருக்கிறது.

இது நாம் அறியாததல்ல. கிணற்றடியில் நனைவதும் காய்வதுமாகக் கிடக்கும் வாளியின் அடி எவ்வளவு விரைவில் போகிறது! சேற்றோடு சுவரில் சாய்த்து வைத்த மண்வெட்டியில் மறுநாளே செம்மை படருகிறது. வேலித் தூணின் நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழான பகுதியும் இதே நிலையில்தான் இருக்கிறது. மழை பெய்யும்போது தூணில் வழிந்த நீர் அதன் காலடியில் இறங்குகிறது. வெயில் வந்ததும் மேல்மண் காய்கிறது. அடுத்த மழையில் மறுபடி நனைகிறது. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இடையிலுள்ள அந்த அரையடிதான் இரண்டையும் அனுபவிக்கிறது. வாழைக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் கட்டும் பாத்தியை வேலியோடு ஒட்டி அமைத்தால், கோடையிலும் அந்த அரையடிக்கு ஓய்வு இராது.

தில்லியில் உள்ள புகழ்பெற்ற இரும்புத் தூணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழு மீற்றருக்கு மேற்பட்ட உயரம், ஆறு தொன்னுக்கு மேற்பட்ட எடை; குப்தர் காலத்தில், ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் வார்க்காமல் அடித்துச் செய்யப்பட்டது. கறள் பிடிக்காத அதிசயம் என்று எல்லோரும் சொல்வார்கள். நிலத்துக்கு மேலே அது உண்மைதான். மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதியிலோ கறள் தடித்துக் குழிகள் விழுந்திருந்தன. 1961இல் அதைத் தோண்டிப் பார்த்தவர்கள், மீண்டும் புதைக்குமுன் அடிப்பகுதிக்கு ஈயத் தகடு போர்த்தினார்கள். அத்தகைய இரும்புக்கே மண்ணுக்குள் பாதுகாப்பு வேண்டியிருந்தது என்றால், கடையில் வாங்கிய கோண இரும்பைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

எங்கள் மாவட்டத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. சீகிரியாவுக்கு அண்மையில் அலகொலவெவப் பகுதியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளை அகழ்வாராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். உலைக் கசடு இன்றும் கல்லுப்போலக் கிடக்கிறது. அந்தக் காலத்து மண்வெட்டியும் கத்தியும் மண்ணோடு மண்ணாகிப் போயின, தப்பியவை கறட்கட்டிகளாகவே கைக்கு வருகின்றன.

மேட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் குழாய்

தூணைவிடக் குழாயின் கதை வேறு. மேட்டுக்காணியில் செம்மண். மழை பெய்து இரண்டு நாளில் நீர் வடிந்து காற்று உட்புகும். சரிவில் இறங்கி வயலை அண்டினால் சாம்பல் நிறக் களி. பெரும்போகத்தில் அங்கே நீர் மேலே நிற்கும். ஒரே இரும்புக் குழாய் இரண்டையும் ஊடறுத்துச் செல்கிறது. எந்தப் பகுதி முதலில் பொத்தலாகும்? காற்றும் ஈரமும் கலந்த செம்மண் பகுதி என்று, மேலே சொன்னதை வைத்து நினைக்கத் தோன்றும். நடப்பது மறுதலையானது. குழாய் முழுவதும் ஒரே பற்றரியாக வேலை செய்கிறது. காற்றுக் கிடைக்கும் செம்மண் பகுதி ஒட்சிசனை வாங்கிக்கொள்ளும் பக்கமாகிறது. காற்றில்லாத களிக்குள் இருக்கும் பகுதி கரைந்துகொடுக்கும் பக்கமாகிறது. நீளமான மேட்டுக் குழாய் முழுவதற்குமான விலையைக் களிக்குள் இருக்கும் சிறு துண்டு செலுத்துகிறது. அதனால் அங்கே குழாய் பரவலாக மெலிவதில்லை, ஆணியால் குத்தியதுபோலக் குழி விழுந்து ஊடுருவிப் போகிறது.

ஒரே கிடங்குக்குள்ளேயும் இது நிகழ்கிறது. குழாயின் அடி கிளறாத இறுகிய களியில் படுத்திருக்க, மேலே கிளறிய தளர்ந்த மண்ணை நிரப்பியிருப்போம். மேற்பக்கம் காற்று, கீழ்ப்பக்கம் இல்லை. எனவே பழைய குழாயைக் கிளப்பிப் பார்த்தால் பொத்தல்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்திலேயே இருக்கும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகம் 1922இல் தொடங்கி, நாடெங்கும் 128 இடங்களில் 36,500க்கு மேற்பட்ட உலோகத் துண்டுகளையும் குழாய்களையும் புதைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தோண்டியெடுத்து அளந்தது. முடிவுகளை மெல்வின் ரொமனோவ் என்பவர் 1957இல் தொகுத்து வெளியிட்டார். எமக்கு உதவும் பாடம் அதில் ஒன்று உண்டு. காற்றோட்டமும் வடிகாலும் உள்ள மண்ணில் குழியின் ஆழம் முதற் சில வருடங்களில் விரைவாகக் கூடினாலும், பின்னர் தளர்ந்துவிடுகிறது. கறள் அவ்விடத்திலேயே படிந்து ஒரு மூடியைப்போல் இரும்பைக் காக்கிறது. வடிகால் கெட்ட களியில் கறள் அப்படிப் படிவதில்லை; கரைந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. மூடி இல்லாததால் வருடம் பத்தானாலும் குழி அதே வேகத்தில் இறங்குகிறது. செம்மண்ணில் முதல் இரண்டு வருடம் பார்த்துப் பயந்து குழாயைக் கிளப்புவதும் தவறு, களியில் முதல் இரண்டு வருடம் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு.

நீர் தேங்கிய களியில் இன்னொரு எதிரியும் உண்டு. காற்றில்லாத சேற்றில் வாழும் ஒருவகைப் பற்றீரியா, மண்ணிலுள்ள சல்பேற்றை உண்டு வாழ்கிறது. அழுகிய முட்டையின் மணம் அதனால்தான் வருகிறது. அதன் துணையால் ஒட்சிசன் இல்லாமலே இரும்பு அரிபடும் என்பதை ஒல்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 1934இல் எடுத்துக்காட்டினர். இங்கே கறள் சிவப்பாக இராது, கருமையான பசையாக இருக்கும். கத்தியால் சுரண்டினால் அதன் கீழே இரும்பு பளிச்சென்று தெரியும். பளபளப்பைக் கண்டு இரும்பு நன்றாயிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

நிரப்பிய மண்

குடியேற்றக் காணிகள் பலவற்றில் புல்டோசர் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளியிருக்கும். வளவின் ஒருபாதி இயற்கை மண், மறுபாதி நிரப்பிய மண். இரும்புக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. ஐரோப்பிய பொறியியல் நியமம் ஒன்றில் இதற்குக் கணக்கே கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பற்ற உருக்கின் ஒரு பக்கத்திலிருந்து 25 வருடத்தில் இழக்கப்படும் தடிப்பு, கிளறாத இயற்கை மண்ணில் 0.3 மில்லிமீற்றர். இறுக்காமல் நிரப்பிய சாதாரண மண்ணில் 0.7. சதுப்பு நிலத்தில் 1.0. சாம்பலும் கசடும் கொட்டி நிரப்பிய இடத்தில் 2.0. இவை குளிர்நாட்டுக் கணக்குகள். சராசரி இழப்பையே காட்டுகின்றன, குழிகளை அல்ல. ஆனாலும் ஒப்பீடு எமக்குப் பொருந்தும். மூன்று மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கோண இரும்பு இரு பக்கமும் தின்னப்படுகிறது என்பதை நினைவிற் கொண்டால், தளர்ந்த மண்ணில் அதன் பாதிப் பலம் எங்கே போகிறதென்று விளங்கும்.

தளர்ந்த மண்ணில் காற்றும் நீரும் இலகுவாகப் புகுந்து வெளியேறுகின்றன. எனவே தூண் நட்டபின் மண்ணைக் காலால் மிதித்துவிட்டு விடாமல், அரையடிக்கு ஒருமுறை அலவாங்கின் அடிப்பக்கத்தால் இடித்து இறுக்கவேண்டும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. விலைகூடிய இரும்பை வாங்குவதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

சாம்பல் விடயத்தில் தோட்டப் பக்கத்தவர்கள் கவனமாக இருக்கவேண்டும். கொதிகலன் சாம்பலும் கரிக்கசடும் வழுக்காது, நீர் தேங்காது என்று பாதைக்கும் குழாய்க்கிடங்குக்கும் கொட்டுவது வழக்கம். எரியாமல் மிஞ்சிய கரி, பற்றரியின் நடுவிலுள்ள கரிக்கோலைப் போலவே இரும்புக்கு எதிர்ப்பக்கமாக நின்று அதைத் தின்னவைக்கும். குழாயைச் சுற்றி மணல் போடுங்கள், சாம்பல் வேண்டாம்.

நாகம் பூசிய குழாய் வாங்கினால் கவலையில்லை என்பாரும் உண்டு. நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது, ஆகவே நாகம் இருக்கும்வரைதான் காவல். தேயிலைக்குப் பொருத்தமான புளிப்பு மண்ணில் நாகம் விரைவாகவே கரைந்துவிடும். வறண்ட பகுதியின் செம்மண் அவ்வளவு புளிப்பானதல்ல, அங்கே நாகம் கூடிய காலம் நிற்கும். கோடையில் நிலத்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும் பள்ளங்கள் வேறு கதை. அங்கே எந்த இரும்பையும் புதைக்காதிருப்பதே நல்லது. தென்னைக்கும் வாழைக்கும் இடும் பொட்டாசு உரமும் குளோரைட்டு உப்புத்தான். தூணின் காலடியில் உரமூடையைச் சாய்த்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும்.

பொத்தலான பழைய குழாயின் நடுவில் புதுத்துண்டு போடுகிறோம். இரண்டு வருடத்தில் புதுத்துண்டே மறுபடி பொத்தலாகிறது, பழையது அப்படியே நிற்கிறது. பழைய இரும்பு திறம், இப்போதைய இரும்பு பதர் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் கறள் மூடிய பழைய குழாயோடு பளபளக்கும் புதுத்துண்டு சேர்ந்தால், புதியதே கரையும் பக்கமாகிறது. இவ்விடத்தில் பீ.வீ.சி. துண்டு போட்டால் இந்தத் தொல்லை வராது. களியினூடாகச் செல்லும் பகுதிக்குத் தொடக்கத்திலேயே பீ.வீ.சி. போடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. வெயில் படாமல் இரண்டடி ஆழத்தில் புதைத்தால் போதும். இரும்புக் குழாய் நிலத்துக்கு மேலே வரும் இடத்துக்கும் வண்டி ஏறும் இடத்துக்கும் இருக்கட்டும்.

தூணுக்குச் சீமெந்துக் கலவை போடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கொங்கிரீட்டுக்குள் இரும்பு நன்றாகக் காக்கப்படும். அதன் காரத்தன்மை கறளை அண்டவிடாது. ஆனால் பலர் கிடங்கின் அடியில் கொங்கிரீட்டைப் போட்டு, மேல் அரையடியை மண்ணால் மூடிவிடுகிறார்கள். மிகக்கூடிய ஆபத்துள்ள அந்த அரையடியை இதனால் தாங்களே மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்போடு சேர்ந்த பற்றரியில் கரைவதும் அந்த அரையடியே. கலவையை நிலமட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, நீர் வழிந்தோடும்படி சுற்றிவரச் சரிவாக்கி விடுங்கள். கலவைக்கு வசதியில்லாவிடில், நிலமட்டத்துக்குக் கீழே ஒன்றரை அடியும் மேலே அரையடியும் கறளைச் சுரண்டித் துடைத்து, காயவிட்டு, தார் இரண்டு தடவை பூசுங்கள். நடும்போது கீறல் விழுந்தால் அவ்விடத்துக்கு மறுபடி பூசவேண்டும். கழிவு எண்ணெய் பூசுவது வீண். மழையில் கழுவுண்டு கிணற்றுக்குத்தான் போகும்.

எல்லா வேலிக்கும் இரும்பு வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். மூலைத் தூண்களையும் படலைத் தூண்களையும் மட்டும் கொங்கிரீட்டில் நிறுத்தி, இடையில் கிளிசிரிடியாக் கதியால் நட்டால் அது வேரோடி உயிர்வேலியாகிவிடும். குழை மாட்டுக்கும் உரத்துக்கும் உதவும். யானை வரும் வில்கமுவ, லக்கலைப் பகுதிகளில் மின்வேலித் தூண்களைப் பராமரிப்போர், வருடத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு தூணின் காலடியையும் ஒரு சாண் தோண்டிப் பார்ப்பது நல்லது. மேலே அசைத்துப் பார்ப்பதால் தெரியவராது. மெலிந்த தூண் மழைக்காலத்தில், இரவில்தான் சாயும்.

உங்கள் காணியின் மண் எந்த வகை என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. குழாய் போக இருக்கும் வழியில் மூன்று இடத்தில் இரண்டடி ஆழக் குழி வெட்டுங்கள். மண் ஒரே சிவப்பாகவோ கபிலமாகவோ இருந்தால் காற்று நன்றாகப் போய்வருகிறது. சாம்பல் நிறத்தில் செம்புள்ளிகள் தெறித்திருந்தால், நீர் அவ்வளவு உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. நீலச்சாம்பல் நிறமும் முட்டை மணமும் இருந்தால் இரும்புக்கு அந்த இடம் வேண்டாம். பின்னர் ஒவ்வொரு குழியிலும் நாலு அங்குல ஆணிகள் மூன்றை, நகை வேலை செய்பவரின் தராசில் நிறுத்து எழுதிவைத்துவிட்டு, அரையடி, ஓரடி, இரண்டடி ஆழத்தில் ஒவ்வொன்றாக வைத்து மண்ணை இடித்து மூடுங்கள். எங்கே எதை வைத்தீர்கள் என்பதற்கு அடையாளக் குச்சி ஒன்று ஊன்றுங்கள். பெரும்போக மழைக்கு முன், புரட்டாதியில் புதைத்தால், அடுத்த புரட்டாதியில் எடுக்கலாம். கறளைத் தும்புத் தூரிகையால் தேய்த்து, கழுவிக் காயவைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். கூடுதலாக எடை குறைந்த ஆணி எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடந்ததோ, தாரும் கலவையும் முதலில் போகவேண்டிய இடம் அதுவே.

மறுபடி இடம் மாறவேண்டி வந்து தூண்களைக் கிளப்பி எடுத்துச் செல்வோர், நிலமட்டத்துக்குக் கீழிருந்த ஓரடியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இன்னும் இருக்கிறது. மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால், புதிய இடத்தில் அந்தத் தூணைத் தலைகீழாக நடுங்கள். மெலிந்த பகுதி நிலத்துக்கு மேலே போய்விடும், மேலே இருந்த முழுத் தடிப்பான இரும்பு தார் பூசிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கும்.